திரும்பி வந்தவனின் நான்காவது பெயர்

பண்ருட்டிப் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ ஒருத்தன் வந்து இறங்கினால் கேட்கப்படுகிற முதல் கேள்வி, “எப்ப வந்தே?” அடுத்தது, “எப்ப போறே?” போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், பேச்சு நின்றுபோகும். அங்கே ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதை இவன் சொல்லியாக வேண்டும் என்று பார்ப்பார்கள். திரும்பியவனிடம் ஊர் வாக்குமூலம் கேட்கிறது.

பக்கத்துத் திருவதிகையில் இது ஏழாம் நூற்றாண்டிலேயே நடந்திருக்கிறது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணராகி, தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரப் பள்ளியில் தலைமை நிலைக்கு உயர்கிறார். பாடலிபுத்திரம் என்றதும் கங்கைக் கரைக்குப் போய்விட வேண்டாம். இது கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். திருவதிகையைத் தொட்டு ஓடுகிற அதே கெடிலத்தின் கீழ்க்கோடி. தொலைவு இருபத்தைந்து கிலோமீட்டர் தேறலாம். ஆனால் அறிவுலகம் என்ற அளவில் அது வெளிநாடுதான். லோகவிபாகம் என்ற பிரபஞ்சவியல் நூல் கி.பி. 458-இல் இந்தப் பாடலியில்தான் பிராகிருதத்தில் எழுதி முடிக்கப்பட்டது. தருமசேனர் போய்ச் சேர்ந்தது ஏதோ குருட்டு மடத்துக்கு அல்ல, தமிழுக்கு வெளியேயும் பேசிக்கொண்டிருந்த ஒரு கல்விக்கூடத்துக்கு.

திரும்பிய கதையை நமக்குச் சொல்பவர் சேக்கிழார். பன்னிரண்டாம் நூற்றாண்டு, சோழ அரசின் அதிகாரி. நாயகனைப் போலவே வேளாளர். நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையே ஐந்நூறு ஆண்டு. ஆகவே பெரியபுராணத்தை நடந்தவற்றின் பதிவாக நான் வாசிக்கவில்லை. திரும்புதல் எப்படி இருக்க வேண்டும் என்று வென்றவர்கள் விரும்பினார்கள் என்பதற்கான பிரதியாக வாசிக்கிறேன்.

அந்தப் பிரதியில் சூலை நோய் வருகிறது. சமணர் மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. சமையல் செய்கிறவனைத் தமக்கை திலகவதியிடம் அனுப்புகிறார். சமணர் இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்கிறாள் அவள். நிச்சயித்த கலிப்பகையார் போரில் இறந்த பிறகு தம்பிக்காகவே உயிர் வைத்திருந்தவள். நோயில் துடிப்பவனைப் பார்க்க அவள் போவதற்கில்லை. அவன்தான் வர வேண்டும். பாய், குண்டிகை, மயிற்பீலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு, கை கொடுப்பவரை ஊன்றி, யாருக்கும் தெரியாமல் இரவில் வருகிறார். திருநீறு, ஐந்தெழுத்து, பிறகு பதிகம். நோய் போகிறது. நாவுக்கரசர் என்ற பெயர் வருகிறது. பின்னால் சம்பந்தர் வாயிலிருந்து அப்பர். பெற்றவர்கள் வைத்த மருள்நீக்கியார் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவன் வீட்டுப் பெயரோடு வாழவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அவர் தேவாரங்களில் சமணர் மீதான வசையை எல்லாரும் அறிவோம். தலைமயிர் பறிப்பது, குளிக்காதது, நின்றபடி உண்பது எல்லாம் உள்ளே இருந்து பார்த்தவனின் நுணுக்கங்கள். சம்பந்தரும் வசை பாடியவர்தான், ஆனால் அது எதிரியின் வசை. அப்பர் திட்டுவது தன் பழைய உடம்பை. கழிந்த காலத்தைத் திரும்பத் திரும்ப எண்ணி நொந்துகொள்கிறார். எத்தனை முறை சொன்னால் ஊருக்குப் போதும்? நான்கு, ஐந்து, ஆறு என்று மூன்று திருமுறை அளவுக்குப் பாடியும் போதவில்லை போலும்.

‘தாய்மதம் திரும்புதல்’ என்று இன்று ஒரு சொல் புழங்குகிறது. 1981-இல் மீனாட்சிபுரத்துத் தலித்துகள் இஸ்லாமுக்குப் போனபோது அவர்களை மீட்க என்று கிளம்பிய கூட்டங்களின் மொழி அது. எந்த வீட்டுக்குத் திரும்பச் சொன்னார்கள்? அங்கே எந்தத் திண்ணையில் உட்கார வைக்க? அப்பருக்காவது காத்திருந்த ஒரு அக்கா இருந்தாள்.

இன்னொன்று. மனம் மாறிய காடவன், அதாவது பல்லவன், பாடலியின் பள்ளியையும் பாழிகளையும் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டுவந்து திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் என்கிறார் சேக்கிழார். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் பட்டம்; திருச்சி மலைக்குகைக் கல்வெட்டிலும் வருகிறது. ஆகவே அவன்தான் என்கிறார்கள். அந்த மன்னன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனமோ கேலி செய்வது பெரிதும் காபாலிகரையும் பௌத்தரையும். இடித்தது நடந்ததோ இல்லையோ, ஐந்நூறு ஆண்டு கழித்தும் அதைப் பெருமையாகச் சொல்ல முடிந்திருக்கிறது. போய்த் தங்கிய வீட்டை உடைத்து அந்தக் கல்லைத் திரும்பி வந்த ஊருக்கே கொண்டுவருவது! திரும்பிப் போக இனி இடமே இல்லை என்பதற்கு இதைவிட உறுதியான ஏற்பாடு கிடையாது. அந்தக் கோயிலைப் பற்றி அப்பர் என்ன நினைத்தார் என்று சேக்கிழார் சொல்வதில்லை.

எனக்கு அந்தச் சமையல்காரன் நினைவுதான் வருகிறது. கெடிலத்தை ஒட்டி மேலே நடந்து, நந்தவனத்துப் பக்கம் திலகவதியைக் கண்டு சேதி சொல்லி, அவள் மறுத்ததைக் கேட்டு, மறுபடி கீழே நடந்தவன். அவனுக்குப் பெயர் இல்லை. அந்த இரவு அவனும் தருமசேனரோடு வந்தானா, இல்லை மறுநாள் பள்ளியில் அடுப்பு மூட்ட நின்றுவிட்டானா, கல் இடிபடும்போது எங்கே இருந்தான் என்று கேட்டுப் பார்க்கிறேன். பிரதியில் அவன் வேலை அதற்குள் முடிந்துவிடுகிறது.