மேந்தோன்னி கடல் கடந்த கதை

குறிஞ்சிப்பாட்டின் நெடிய மலர்ப்பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கிப் புதர்மேல் ஏறும் அக்கொடிக்குத் தோட்டக்காரன் தேவையில்லை. மழை அதனை எழுப்பும். கார்த்திகையை ஒட்டிப் பூக்கும். கோடை முழுதும் கிழங்காய் மண்ணுக்குள் உறங்கும். அதே கொடியை ஐரோப்பியர் கைக்குழந்தையைப் போலப் பொத்தி வளர்த்தனர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய பால் ஹெர்மன், பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். 1681 முதல் 1686 வரை அத்தோட்டத்தில் இருந்த செடிகளுக்கு அவர் 1687இல் வெளியிட்ட பட்டியலில் காந்தளும் உண்டு. ஆனால் அங்கே அதன் பெயர் 'மெத்தோனிக்கா'. மறு ஆண்டு வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' ஏழாம் தொகுதி அதனை 'மெந்தோனி' என்கிறது. மலையாளத்தில் இன்றும் அது மேந்தோன்னியே. தமிழிலும் 'தோன்றி' என்பது காந்தளுக்குரிய பெயர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஆக, கிழங்கோடு சொல்லும் கப்பலேறியிருக்கிறது.

பனி விழும் நாட்டில் அதனை எவ்வாறு காத்தனர்? 18ஆம் நூற்றாண்டுத் தோட்டக்காரர்கள் கையாண்ட வழி வியப்புக்குரியது. தோல் பதனிடும் கூடங்களில் கழித்த ஓக் மரப்பட்டைத் தூளைக் குழியில் நிரப்புவர். அது புளித்துச் சூடேறும். மாதக்கணக்கில் அச்சூடு தணியாது. கண்ணாடி மூடிய அக்குழியில் தொட்டியைப் புதைத்து இளவேனிலில் கிழங்கை முளைக்க வைப்பர். கலப்பை போல் வளைந்த அக்கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. அது முறிந்தால் அவ்வாண்டுப் பூ இல்லை. தழை வாடியதும் நீரை நிறுத்திவிட்டு, குளிர்காலம் முழுவதும் உலர்மணலில் வைத்திருப்பர். நம் கோடை உறக்கத்தை அவர்கள் பனிக்காலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவே. கொடி அதற்கும் இணங்கியது! செல்சி மருந்துத் தோட்டத்தின் பிலிப் மில்லர், அச்செடி முழுவதும் நஞ்சு என்றும் பிள்ளைகளுக்கு எட்டாமல் வைக்கவேண்டும் என்றும் தம் தோட்டக்கலை அகராதியில் எச்சரித்தார். நம்மூர்ப் பாட்டிமார் அறிந்த செய்திதான்.

1753இல் லின்னேயஸ் 'குளோரியோசா சுபெர்பா' என்ற இலத்தீன் பெயரை நிலைநிறுத்தினார். 'புகழ்மிக்கது, பெருமிதமுடையது' என்பது பொருள். பெயர் அழகுதான், மறுக்கவில்லை. ஆயினும் மலபாரின் வாய்மொழி ஒன்று தாவரவியலிலிருந்து வழக்கொழிந்ததும் அதனால்தான். சிலர் அதன் பின்னரும் 'மெத்தோனிக்கா'வை விடாது எழுதினர், அது நிற்கவில்லை.

இன்று செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். திண்டுக்கல், கரூர்ப் பகுதி உழவர்கள் 'கண்வலிக்கிழங்கு' என்ற பெயரில், விதையிலுள்ள கோல்கிசினுக்காக அதனைப் பயிரிடுகின்றனர். கொடி ஏறக் கொம்பு நட்டு, பூவுக்குப் பூ மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கின்றனர். மேந்தோன்னி என்றால் அவர்களுக்குத் தெரியாது. காந்தள் என்றாலும் பாடநூல் நினைவுதான்.