தூர்மலே: மலையும் பட்டறையும்

சைக்கிள் பந்தயத்தில் ஒரு மலையேற்றத்தை மகத்தானது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? உயரமா, சரிவா? பிரான்ஸின் பிரெனே மலைத்தொடரிலுள்ள தூர்மலே கணவாய் 2115 மீட்டர். 1910ல்தான் டூர் தெ பிரான்ஸ் முதன்முதலாக அதில் ஏறியது. தார் ரோடு கிடையாது. ஓட்டத்திலேயே கியர் மாற்றும் வசதியும் கிடையாது. முதலில் உச்சியைத் தொட்ட ஒக்தாவ் லாப்பிஸேகூட சில இடங்களில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனார்.

மறு வருஷமே ஆல்ப்ஸ் மலையின் கலிபியே கணவாய் பந்தயத்தில் சேர்ந்து, உயரத்தில் தூர்மலேவை முந்திவிட்டது. ஆனாலும் தூர்மலேவின் பெயர் மங்கவில்லை. காரணம், 1913.

அந்த வருஷம் யூஜின் கிறிஸ்தோஃப் ஏற்றத்தை முடித்துவிட்டார். இறக்கத்தில் முன்சக்கரத்தின் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைச் சுமந்துகொண்டு 10 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, செயின்ட் மரி தெ கம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறைக்கு வந்தார். அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். மணிக்கணக்கில் ஆனது. துருத்தி ஊத ஒரு பையன் கைகொடுத்தான். அதற்கும் சேர்த்து அபராத நேரம் போட்டார்கள்!

கிறிஸ்தோஃப் டூரைக் கடைசிவரை வெல்லவே இல்லை. அந்த வருஷம் ஜெயித்தவர் பிலிப் தீஸ். ஆனால் தூர்மலே என்றதும் பேச்சு பட்டறையில் நின்றவரைப் பற்றித்தான் வருகிறது.

சரிவான ரோடு எங்கும் கிடைக்கும். தோற்றவனையும் மறக்காத மலைகள் குறைவு. அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இன்றும் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது.