யாழ்ப்பாணத்து ஏ 40

யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தை அண்டி, கவிழ்த்து வைத்த பானைகளைப் போல உருண்ட முதுகுகளைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்ற வாடகைக் கார்களைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவற்றுள் அதிகமானவை ஒஸ்ரின் ஏ 40. இடையிடையே மொறிஸ் மைனரும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் நிற்கும். பிறந்த தேசத்தில் பெரும்பாலும் பழைய இரும்பாகிப் போய்விட்ட இந்த யந்திரங்கள், எங்கள் குடாநாட்டில் நாற்பது, ஐம்பது வருஷங்களாகப் பிரசவத்துக்கும் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்தன. அதன் காரணத்தை விசாரிக்கப் புகுந்தால், விஷயம் கார்களின் சரித்திரம் என்ற அளவில் நில்லாமல், அவற்றைத் திருத்திய கைகளின் சரித்திரமாக விரிகிறது. அந்தக் கைகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

ஏ 40 முதன்முதல் வெளிவந்தது 1947ஆம் ஆண்டில். யுத்தம் முடிந்து கையிருப்பு வற்றிப்போயிருந்த இங்கிலாந்து, தன் ஜனங்களுக்குக் கொடுக்காமற்கூட வெளிநாடுகளுக்குக் கார்களை அனுப்பி அந்நியச் செலாவணி தேடிய காலம் அது. 1200 சி.சி. எஞ்சின், ஏறக்குறைய நாற்பது குதிரைவலு, தனியான இரும்புச் செசி, அதன்மேல் தடித்த தகட்டில் அமைந்த உடல் என்ற அமைப்போடு 'டெவன்' வந்தது. 1952இல் இன்னும் சற்று உருண்ட 'சமர்செற்' அதன் இடத்தைப் பிடித்தது. அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் சித்தத்தில் உதித்த மொறிஸ் மைனர் 1948இல் வந்து, 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாயிற்று. தேயிலையும் இறப்பரும் நல்ல விலை போன ஐம்பதுகளில் இலங்கைத் துறைமுகத்தில் இவை தாராளமாக இறங்கின. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்களும், மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர்களும், ஊர் வைத்தியர்களும் வாங்கினார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டதும் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. நாட்டில் இருந்ததே இருந்தது, புதிது வரவில்லை. ஒருவர் கார் வாங்குகிறார் என்றால் இன்னொருவர் விற்கிறார் என்பதுதான் அதன் பொருள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பானியக் கார்கள் தெற்கின் வீதிகளை நிறைக்கும் வரை, அந்தக் கார்களே கைமாறிக் கைமாறிப் பழசாயின. வடக்கிலோ, சில வருஷங்களிலேயே போர் வந்து புகுந்துவிட்டபடியால், அதற்குப் பிறகும் அவற்றின் ராச்சியமே நீடித்தது. பழைய கார் வாங்குவது என்பது அங்கே ஒரு வித்தையாக வளர்ந்ததற்கு இந்த நீண்ட பஞ்சமே மூலகாரணம்.

அந்த வித்தையின் முதற்பாடம் இலக்கத் தகடு. ஆங்கில எழுத்துகளோடு கூடிய இலக்கமானால் கார் 1957க்கு முந்தியது. சிங்கள 'ஸ்ரீ' எழுத்தோடு இருந்தால் அதற்குப் பிந்தியது. அந்த 'ஸ்ரீ' எழுத்தின் பொருட்டு எங்கள் ஊர்களில் எழுந்த கிளர்ச்சி தனிச் சரித்திரம். இங்கே அதற்குள் புகவில்லை. கராஜ்காரருக்கு அது வயதைச் சொல்லும் அடையாளம். தகட்டைப் பார்த்த மாத்திரத்தில், "இதுக்குள்ளை இருக்கிறது பழைய எஞ்சின், பிள்ளை" என்று சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் அந்த வித்தை தெரிந்தவர் எவரும் இல்லை. என் தகப்பனார் எண்பதுகளின் நடுவில், புதுப்பச்சை நிறம் பூசி மினுக்கிய ஒரு மொறிஸ் மைனரை, வர்ணத்தின் அழகையும் விற்றவரின் வாயையும் நம்பி வாங்கினார். மூன்றாவது கிழமை, கோண்டாவில் சந்தியில் திரும்பும்போது முன்சில்லு ஒன்று உள்ளே மடிந்து, கார் முழங்காலிட்டது போல வீதியில் குந்திவிட்டது. வேகம் குறைவாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மைனரின் முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் கீழ்முனை, திருகுமரை வெட்டிய ஒரு கூட்டுக்குள் முறுக்கப்பட்டிருக்கும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை அங்கே கிறீஸ் ஏற்றாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் தண்டு கூட்டைவிட்டுக் கழன்றுவிடும். புதுவர்ணம் பூசியவர் அந்த இடத்தில் ஒரு துளி கிறீஸ் வைக்கவில்லை. காரை இழுத்துக்கொண்டு போன கராஜில் முதலாளி சில்லைப் பார்த்தார், பிறகு வர்ணத்தைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என் தகப்பனாரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் முடித்த பிற்பாடு நான் அதே கராஜில் போய் நின்றதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

அந்தக் கராஜ் முதலாளியை எல்லோரும் 'அண்ணை' என்றே அழைத்தார்கள். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். எஞ்சின் மூடியில் முதலில் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், "நாளைக்கு விடியத் திரும்பி வாறம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவார். வாங்குகிறவன் வருமுன்னே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைக்கிறவன், குளிர்ந்த எஞ்சின் காட்டிக்கொடுக்கும் நோயை மறைக்கிறான் என்பது அவர் கொள்கை. மறுநாள் விடியற்காலை, சாவி போடாமல், முன்புறத்து ஹாண்டிலை நுழைத்து மெதுவாக ஒரு சுற்றுக்குப் பின் இன்னொரு சுற்றாகச் சுற்றுவார். நாலு சிலிண்டரும் சமமாக இறுகி எதிர்த்தால் முகத்தில் ஒரு தெளிவு வரும். நாலில் ஒன்று பஞ்சுபோல் இளகினால் அந்தச் சிலிண்டரில் வால்வோ றிங்கோ போய்விட்டது என்று அர்த்தம். அளவுமானி எதுவும் இல்லாமல், மணிக்கட்டின் உணர்ச்சி ஒன்றினாலேயே அவர் சொன்ன முடிவு, எஞ்சினைக் கழற்றிப் பார்த்தபோது பிழைத்ததை நான் கண்டதில்லை.

அதன் பின்தான் புகை. நீலப் புகை ஓயில் எரிவதைச் சொல்லும். கரும்புகை காபரேற்றரின் குற்றம், அதற்காக விலையைக் குறைக்கலாமே ஒழியக் காரைத் தள்ள வேண்டியதில்லை. சூடேறிய பிறகும் ஓயாத வெள்ளைப் புகையும், ரேடியேற்றர்த் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்தால், ஹெட் கேஸ்கற்றாவது ஹெட்டாவது வெடித்திருக்கிறது. ஆனால் அண்ணை எல்லாவற்றுக்கும் மேலாகப் பயந்தது கடற்காற்றின் உப்புக்குத்தான். எஞ்சினைப் புதுப்பிக்கலாம், உக்கிய தகட்டைப் புதுப்பிக்க முடியாது என்பார். மைனருக்குத் தனிச் செசி கிடையாது, உடலே எலும்பு. ஆதலால் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியையும் ஜக் வைக்கும் இடத்தையும் திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பூச்சுக் கலவை அப்பி மறைத்த இடம் மண்சுவர் போல மொத்தென்று சொல்லும். தகடு திருத்தும் ரிங்கர் வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஓசையை மாற்ற முடியாது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது, பற்றரி, உதிரிப்பாகம் முதலான எத்தனையோ பொருள்கள் தடைப்பட்டியலில் ஏறின, மின்சாரமும் அற்றுப்போயிற்று. கட்டுப்பாட்டோடு கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய் ஒன்றே. ஏ 40இன் உண்மையான மகிமை அப்போதுதான் வெளிப்பட்டது. அதன் சிலிண்டர் காற்றையும் எரிபொருளையும் ஏழு மடங்குக்குச் சற்று மேலே மட்டும் அமுக்குகிறது. தரம் தாழ்ந்த மண்ணெண்ணெய் அந்த மிதமான அமுக்கத்தை ஒருவாறு தாங்கும், அதற்கு மேல் அமுக்கும் புதிய எஞ்சின்களிலோ முன்கூட்டியே வெடித்து 'டக டக' என்று அடிக்கத் தொடங்கும். இது கேட்டறியாத அதிசயமன்று; பெற்றோலில் புறப்பட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கு மாறும் பேர்கூசன் உழவு யந்திரங்களை இங்கிலாந்தே செய்து விற்றிருக்கிறது. எங்கள் கராஜ்காரர்கள் செய்தது, அதே தத்துவத்தைக் காருக்குத் தம் கையால் பொருத்தியதுதான்.

எரிபொருட் குழாயைச் சூடான புகைக்குழாயின் அருகே சுற்றவிட்டு மண்ணெண்ணெயைக் காய்ச்சினார்கள். காபரேற்றரின் துவாரங்களைச் சிறிது மாற்றினார்கள். குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் உயிர்கொள்ளாதாகையால், புறப்படுவதற்கு மட்டும் ஒரு மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்தார்கள். அந்தப் போத்தலை எங்கள் முதலாளி சட்டைப்பையில், பேனா வைக்கும் இடத்தில் வைத்திருப்பார். காற்று வடியைக் கழற்றி, காபரேற்றரின் வாயில் ஐந்தாறு சொட்டு விட்டு, உள்ளங்கையால் அதன் வாயை அரைவாசி பொத்திக்கொண்டு, "சுத்து தம்பி" என்பார். ஸ்ராட்டரைச் சுற்றப் பற்றரிக்குப் பலமில்லை. கொயிலுக்கு வேண்டிய சொற்ப மின்சாரம் அதில் மிஞ்சியிருந்தால் போதும், மிச்சத்தை ஹாண்டிலும் என் தோளும் பார்த்துக்கொள்ளும். எஞ்சின் இரண்டு தரம் தும்மி, பிறகு கண்ணைக் கரிக்கும் வெண்புகையோடு பிடித்துக்கொள்ளும்போது அவர் கையை மெல்ல எடுக்கும் விதத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த நாற்றம் எங்கள் உடுப்பிலும் சோற்றிலும் இருந்தது. ஊரும் அந்த நாற்றத்தோடேயே சீவித்தது. நடுச்சாமத்தில் நோவெடுத்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே புகைதான்.

மண்ணெண்ணெய் தன் கூலியைப் பெறாமல் விடவில்லை. எரியாமல் மிஞ்சிய பங்கு றிங்குகளைத் தாண்டி வழிந்து, அடித்தட்டிலுள்ள ஓயிலைத் தண்ணீராக்கும். இளகிய ஓயிலில் பெயரிங்குகள் வெந்துபோகும். ஆகவே அளவுகோலை உருவி மணந்து பார்ப்பது தினசரிக் கடமையாயிற்று. வழக்கத்தில் ஓயில் குறைவதே பயம். அந்தக் காலத்திலோ, அளவு கூடியிருந்தால்தான் நெஞ்சு பதைக்கும். சிலிண்டர் ஹெட்டில் அடை அடையாகக் கரி படியும். ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டும் வேலையில்தான் நான் தொழில் படித்தேன். கேஸ்கற் தாளைக் கடுதாசி மட்டையில் வெட்டினோம். ஓடாத இரண்டு கார்களிலிருந்து ஓடும் ஒரு கார் பிறந்தது. அந்த நாட்களில் கார் வாங்கியவர்கள் தனிமனிதராக அல்ல, பெரும்பாலும் கராஜ்காரரின் ஆலோசனையோடுதான் வாங்கினார்கள். ஓடுகிற காரைக் காட்டிலும், எந்தக் காரின் பாகம் எந்த முற்றத்தில் கிடக்கிறது என்ற ஞானத்துக்கு விலை அதிகமாயிருந்தது.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போர் நெருங்கியதால் வலிகாமத்து ஜனங்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்தச் சனத்திரளின் நடுவே எங்கள் கராஜின் சமர்செற்றும் போயிற்று. முன் இருக்கையில் இரண்டு கிழவிகள், பின்னால் எட்டுப் பிள்ளைகள். எஞ்சின் சூடேறி நின்றால் மறுபடி எழுப்பச் சட்டைப்பையில் சொட்டுப் பெற்றோல் இல்லை. அண்ணை எஞ்சினை நிறுத்தியே வைத்துவிட்டார். ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி அவர் நடக்க, நாங்கள் விடியும்வரை தள்ளினோம்.

2002இல் ஏ9 வீதி திறந்தது, பெற்றோல் வந்தது, ஜப்பானிய வாகனங்களும் குத்தகைக் கடனும் பின்னாலேயே வந்தன. ஏ 40 சந்தையிலிருந்து மெல்ல விலகிற்று. இதில் குறைப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றிச்செல்ல நல்ல பிரேக் உள்ள கார் ஊருக்கு வேண்டும். எனினும் ஒன்றைப் பதிந்து வைக்க வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்றுக்காக, தொண்ணூறுகளில் இதே இலங்கையின் தெற்கில் தகட்டுப் பாகங்கள் செய்து அனுப்பப்பட்டன. காரைப் பெற்ற நாடு, அதன் பாகங்களுக்கு அதை வளர்த்த நாட்டை நாடி வந்தது. அப்பாகங்களில் ஒன்றுகூட வடக்கே வர வழியில்லாத காலத்தில், எங்கள் கராஜ்கள் வெறுங்கையால் தம் கார்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தன.

இன்றும் சில வீடுகளின் கொட்டிலில், தென்னோலைக்கும் கோழிக்கூட்டுக்கும் இடையில், ஒரு ஏ 40 நிற்கக் காண்கிறேன். அப்படி ஒன்று உங்கள் வளவில் இருந்தால், பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்குமுன் இதைச் செய்யுங்கள்: தாங்கியில் கிடக்கும் பழைய எண்ணெயை இறக்கிவிடுங்கள், பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு தேக்கரண்டி ஓயில் விடுங்கள், ஒருநாள் ஊறியபின் ஹாண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அசைந்தால், மாதம் ஒருமுறை நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள், றிங் சிலிண்டரோடு ஒட்டாது. அந்தக் காரைத் திருத்தியவர் உயிரோடிருந்தால், அவரையும் ஒருநாள் கூட்டிவந்து பக்கத்தில் இருத்தி, அவர் சொல்வதை எழுதி வையுங்கள்.