ஒரு பவுண்டில் ஒரு வாரம்

"ஓட்ஸ் கஞ்சி குடிக்கலாமே... சல்லிசு, சத்தும்கூட!"

ஏழைகளுக்கு யோசனை சொல்ல லண்டனில் ஆளா இல்லை? மாட் பெம்பர் ரீவ்ஸும் அவருடைய ஃபேபியன் சங்கத் தோழிகளும் 1909-லிருந்து லாம்பெத் பகுதிக் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கே போய் வரவு-செலவைக் கேட்டு எழுதினார்கள். வாரம் சுமார் 1 பவுண்டு வருமானம். வாடகை, நிலக்கரி, குழந்தை செத்தால் அடக்கம் செய்ய இன்ஷூரன்ஸ் (ஆமாம், அதற்கும்தான்!) போக மிச்சம்தான் சாப்பாடு. இறைச்சி புருஷனுக்கு. அவர் உழைத்தால்தானே அடுத்த வாரம் அடுப்பெரியும்! மாசமாக இருப்பவளுக்கு ரொட்டியும் டீயும்.

சரி, கஞ்சி? குழம்பு கொதித்த அதே பழைய பாத்திரம்; அடிப்பிடித்த வாடை; ஊற்றப் பாலும் கிடையாது. யார் வாயில் வைப்பார்கள்?

1913-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதிய ரீவ்ஸ், அந்தப் பெண்களுக்குச் சமையல் பாடம் நடத்தவில்லை. அரசாங்கத்திடம் பணம் கேட்டார்!