தீர்ப்புக்கு முன் தண்டனை: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூத வெறுப்பும் அரசு விசாரணையும் (1964–2025)

முன்னுரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்கள் துன்புறுத்தப்படுவதாக எழும் புகார்களை அரசு விசாரிக்கும்போதெல்லாம், பேச்சுரிமைக்கு ஆபத்து என்ற எதிர்க்குரலும் எழுகிறது. யூத வெறுப்பை எப்படி வரையறுப்பது என்பதிலேயே விவாதத்தின் பெரும்பகுதி கழிகிறது. வரையறையைவிட, புகார், விசாரணை, முடிவு, தண்டனை என்ற வரிசை காக்கப்பட்டதா என்பதே பேச்சுரிமையின் நிலையைத் தீர்மானித்தது என இக்கட்டுரை வாதிடுகிறது.

சட்டம் இட்ட வேலிகள்

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, மத்திய அரசின் நிதி பெறும் நிறுவனங்கள் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. கறுப்பின மாணவர்களை ஒதுக்கிவைத்த தென் மாநிலப் பள்ளிகள் அன்று அதன் முக்கிய இலக்காயின. நிதியை நிறுத்தும் அதிகாரத்துக்கு நாடாளுமன்றம் கடும் நிபந்தனைகள் விதித்தது. முன்னறிவிப்புத் தர வேண்டும். நிறுவனம் தானே திருந்த வாய்ப்பளிக்க வேண்டும். விசாரணை நடத்தி மீறலைப் பதிவு செய்ய வேண்டும். நாடாளுமன்றக் குழுக்களுக்கு அறிக்கை அளித்து 30 நாள் காத்திருக்க வேண்டும். மீறல் நடந்த திட்டத்தின் நிதியை மட்டுமே நிறுத்தலாம்.

யூதர்களுக்கான பாதுகாப்பு

ஆறாம் பகுதியில் சமயம் இடம்பெறவில்லை. ஆயினும், மேரிலாந்தில் யூத வழிபாட்டுக்கூடச் சுவரில் வெறுப்பு வாசகங்கள் தீட்டப்பட்ட வழக்கில், 1866ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் யூதர்களையும் இனப் பாகுபாட்டிலிருந்து காக்கும் என 1987இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2004இல் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குத் தலைமை வகித்த கென்னத் மார்க்கஸ், பொதுவான வம்சாவளி அடிப்படையில் யூத, சீக்கிய, அரபு முஸ்லிம் மாணவர்களின் புகார்களையும் ஏற்கலாம் என அறிவித்தார்.

அதற்கு முந்தைய ஆண்டில் அதே அலுவலகம், மனம் புண்படும் கருத்து என்ற ஒன்றே துன்புறுத்தலாகிவிடாது எனச் சுற்றறிக்கை விடுத்திருந்தது. 2013இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, இர்வைன், சாந்தா குரூஸ் வளாகங்கள் மீதான புகார்கள் தள்ளுபடியானபோது இந்த அளவுகோலே வென்றது. பெர்க்லியில் பாலஸ்தீன ஆதரவு மாணவர்கள் அமைத்த போலிச் சோதனைச் சாவடி போன்றவை, பொதுப் பிரச்சினை குறித்த கருத்து வெளிப்பாடாகக் கொள்ளப்பட்டன.

வரையறைப் போர்

2016இல் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு ஏற்ற வரையறை, இஸ்ரேல் மீதான சில வகை விமர்சனங்களையும் யூத வெறுப்புக்கு எடுத்துக்காட்டாகச் சேர்த்தது. 2018இல் மீண்டும் அலுவலகத் தலைமைக்கு வந்த மார்க்கஸ், ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் மீது 2011இல் எழுந்து முன்பே முடித்துவைக்கப்பட்ட புகாரை அந்த வரையறையைக் காட்டி மீண்டும் திறந்தார். 2019 டிசம்பரில் அதிபர் டிரம்ப்பின் நிர்வாக ஆணை, ஆறாம் பகுதியின் அமலாக்கத்தில் அந்த வரையறையைக் கருத்தில் கொள்ளுமாறு துறைகளைப் பணித்தது. தரவு சேகரிப்புக்காக வரையறையின் மூல வரைவை எழுதியவர்களில் முதன்மையான கென்னத் ஸ்டெர்ன், வளாகப் பேச்சை ஒடுக்க அது பயன்படும் என எச்சரித்தார். எனினும், அதுவரை விசாரணையின் வரிசை மாறவில்லை.

வரிசை புரண்ட ஆண்டு

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கும் காசா போருக்கும் பிறகு புகார்கள் பெருகின. டிசம்பர் 5 அன்று நாடாளுமன்றக் குழு முன் ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்ஐடி தலைவர்கள் நிறுத்தப்பட்டனர். முதல் இருவரும் ஒரு மாதத்துக்குள் பதவி விலகினர். ஆனாலும் 2024 ஜூனில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துடனும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்துடனும் கல்வித் துறை விசாரித்தே உடன்பாடு கண்டது.

2025 மார்ச் 7 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 40 கோடி டாலர் நிதி ரத்தானது. கொலம்பியா ஆறாம் பகுதியை மீறியது என்ற சுகாதாரத் துறையின் முடிவு மே மாதத்தில்தான் வந்தது. ஏப்ரலில் ஹார்வர்டின் 220 கோடி டாலர் முடக்கப்பட்டது. மீறல் அறிவிப்பு ஜூன் 30 அன்று வெளியானது. பாடத்துறை, சேர்க்கை, ஆசிரியர் நியமனம் ஆகியவற்றிலும் மாற்றம் கோரிய அரசின் கடிதத்தை மறுத்தபின் ஹார்வர்டின் நிதி நின்றது. ஹார்வர்ட் தொடுத்த வழக்கில் செப்டம்பர் 3 அன்று நீதிபதி ஆலிசன் பர்ரோஸ், அரசின் செயல் பேச்சுரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தையும் ஆறாம் பகுதியின் நடைமுறையையும் மீறியது எனத் தீர்ப்பளித்தார். வெறுப்பை ஹார்வர்ட் நெடுநாள் சகித்தது தவறு என்றும் அதே தீர்ப்பில் அவர் கண்டித்தார்.

முடிவுரை

நடைமுறை மெதுவானது என்பது வலுவான எதிர்வாதம். ரட்கர்ஸ் புகார் எழுந்து, மீண்டும் திறக்கப்படவே ஏழாண்டு ஆனது. அதற்குள் மாணவர்கள் படிப்பையே முடித்துவிடுவர். ஆனால் தாமதத்துக்குத் தீர்வு விரைவான விசாரணையே. 2025 மார்ச்சில் குடிமை உரிமைகள் அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7 மூடப்பட்டது அதற்கு நேர்மாறானது.

ஜூலையில் கொலம்பியா, மூன்றாண்டுகளில் 20 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த முழக்கம் கருத்து, எந்தச் செயல் துன்புறுத்தல் என்று முறையான விசாரணையில் சான்றுகளோடு பிரித்துக்காட்டப்படவில்லை. அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால், புகார் தந்த யூத மாணவருக்கு நீதியாகவும் போராடிய மாணவருக்கு எல்லையாகவும் அது நின்றிருக்கும். பணம் கைமாறியதில் அந்த இரண்டும் கிடைக்கவில்லை.