கர்த்தரா குழிக்குள் இறக்கினார்?

எங்கள் அத்தை மகன் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்துப்போனான். விஷவாயு. அடக்கத்திற்கு வந்த போதகர், "கர்த்தருக்குப் பிரியமான பிள்ளை, அதான் சீக்கிரமே கூப்பிட்டுக்கிட்டார். ஏன்னு நாம கேக்கக்கூடாது" என்றார். அழுதுகொண்டிருந்த அத்தை சட்டென்று நிமிர்ந்தது. "ஏன் ஐயா, கர்த்தரா மூடியத் தெறந்து எம்புள்ளய உள்ள எறக்குனாரு? காண்ட்ராக்டருல்ல எறக்குனான்!"

போதகர் பதில் சொல்லவில்லை. ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

கடவுள் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார், சாவை ஏன் அனுமதிக்கிறார் என்று இறையியல் கல்லூரிகளில் தலையணை தலையணையாய்ப் புத்தகங்கள் உண்டு. அத்தையின் கேள்வி அவற்றில் இருக்கிறதா, தெரியாது. ஆனால் நம் சனங்களின் வரலாற்றில் இருக்கிறது. அதற்கு 1876க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. அடுத்த இரண்டு வருசத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாகச் செத்தவர்கள் அரைக் கோடிக்கு மேல். தாது வருசப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான். மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானியமே இல்லாமல் போய்விடவில்லை. கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. உள்ளூரில் இருந்ததை வாங்கக் கூலிக்காரன் கையில் காசில்லை. நிலமுள்ளவன் குதிரில் கொஞ்சமாவது கிடந்தது. நிலமில்லாதவனுக்கு வயலில் வேலை நின்ற அன்றைக்கே அடுப்பும் நின்றது. 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனம் செய்தான். அதே மாதம் செலவைக் குறைக்கத் தெற்கே அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றான். இது உயிர் தங்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்.

இதில் கடவுளின் கை எங்கே? மனுசன் கை நன்றாகத் தெரிகிறது.

அன்றைக்கு நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது ஓங்கோல். அங்கே தோல் பதனிடுவதும் செத்த மாட்டைத் தூக்குவதும் திருவிழாவில் பறையடிப்பதும் மாதிகர்கள் மேல் சுமத்தப்பட்டிருந்தன. அவர்களில் ஒருவர் எர்ரகுண்ட்ல பேரய்யா. 1866இல் ஞானஸ்நானம் பெற்று, தன் சனங்களிடையே தானே நடந்து போய்ப் பிரசங்கித்தவர். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜான் கிளவ் அதே ஆண்டு ஓங்கோலுக்கு வந்தார். கிறிஸ்தவர்களான மாதிகர்கள் செத்த மாடு தின்னமாட்டோம், சாமிக்குப் பறையடிக்க மாட்டோம் என்றார்கள். ஊர் சும்மா விடுமா? தண்ணீரை மறித்தது, கூலியை நிறுத்தியது. ஆக, துன்பம் பஞ்சத்தோடு வந்ததில்லை. ஏற்கனவே இருந்தது, பஞ்சத்தில் பெருத்தது.

பக்கிங்ஹாம் கால்வாயை நீட்டுவது பஞ்ச நிவாரண வேலைகளில் ஒன்று. அரசு முகாம்களில் மாதிகர்களை மேல்சாதி மேஸ்திரிகள் அடித்து விரட்டினார்கள், கூலியில் ஏமாற்றினார்கள். அதனால் கிளவ் சுமார் மூன்றரை மைல் வெட்டுகிற ஒப்பந்தத்தைத் தானே எடுத்து, மிஷன் போதகர்களையே மேஸ்திரிகளாகப் போட்டார். பட்டினியால் ஒடிந்து வந்தவர்கள் கூடை தூக்கினார்கள். வேலை ஓய்ந்த நேரத்தில் போதகர்கள் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். பாரம் சுமந்து களைத்தவர்களை இயேசு தம்மிடம் அழைக்கிற மத்தேயு சுவிசேஷப் பகுதியை அந்தச் சனங்கள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம். மண் கூடை தலையில் இருப்பவனுக்கு 'பாரம்' என்ற சொல்லுக்கு விளக்கவுரை வேண்டுமா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம்மைக் 'கஞ்சிக்கு மதம் மாறியவன்' என்று இன்றைக்கும் ஏசுகிறார்கள். கிளவ் நிவாரணம் நடந்த சுமார் பதினைந்து மாதமும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. கஞ்சிக்காக வந்தார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதே காரணம். 1878இல் நிவாரணம் முடிந்துவிட்டது, கொடுக்க ஒன்றுமில்லை என்று தெளிவாகச் சொன்னார். அப்போதுதான் சனம் திரண்டு வந்தது. எங்களுக்கு உதவி வேண்டாம், உழைத்த கொப்புளம் கையில் இருக்கிறது, அடுத்த வெள்ளாமையும் போனால் சாவோம், சாகிறபோது கிறிஸ்தவர்களாகச் சாக வேண்டும் என்பதே அவர்கள் பேச்சின் சாரம். 1878 ஜூலை 3 அன்று, வேலும்பில்லியில் குண்டலகம்மா ஆற்றில், உள்ளூர்ப் போதகர்கள் ஆறு பேர் முறைவைத்து 2,222 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

கஞ்சிக்கு வந்தவன் கஞ்சி நின்ற பிறகா வருவான்?

அவர்கள் 'ஏன் பஞ்சம் வந்தது' என்று விளக்கம் கேட்டு வரவில்லை. விளக்கம் ஊரில் நிறையவே கிடைத்தது. போன பிறவியில் செய்த பாவம் என்றது கர்மக் கோட்பாடு. பஞ்சத்தின் மூலம் கர்த்தர் இந்தச் சனங்களின் இருதயத்தைத் திறந்தார் என்று சந்தோஷப்பட்ட மிஷனரிகளும் உண்டு. இரண்டிலும் செத்தவன்தான் கணக்குக் கொடுக்க வேண்டும், கொன்றவனுக்குக் கணக்கில்லை. சாகிற நேரத்திலாவது நாங்கள் யாருடைய பிள்ளைகள் என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்றுதான் அவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். சாதிப்பேர் சொல்லியே கூப்பிடப்பட்டவர்களுக்கு, சொந்தப் பேரைச் சொல்லி நடக்கிற ஞானஸ்நானம் சின்ன விசயமில்லை.

வேதத்தை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். யோபுவிடம் "நீ பாவம் செய்திருப்பாய்" என்று விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் கடைசியில் கடவுள் கோபப்படுகிறார். கேள்வி கேட்ட யோபுவை அல்ல. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று சீடர்கள் கேட்கிறார்கள். நம்ம ஊர்க் கேள்வி அப்படியே! இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரையும் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்கிறார். அவரே சிலுவையில், ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்தித்தான் சாகிறார். 'ஏன்' என்று கேட்பது அவிசுவாசம் என்றால் முதல் அவிசுவாசி யார்? 1980களில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலைப் பேசத் தொடங்கியபோது, அந்தச் சிலுவையில் மிதிபட்ட சனங்களின் வேதனையைத்தான் கண்டார்.

துன்பத்தைக் கடவுள் ஏன் அனுமதிக்கிறார் என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வியாதிக்கும் பூகம்பத்துக்கும் அந்தக் கேள்வி கடவுளிடம் போகட்டும். ஆனால் மனுசன் அனுமதிக்கிறதைக் கடவுள் தலையில் கட்டக் கூடாது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச்சுவர் எழுப்பிக் கும்பிட்ட சபைகள் நம்மிடம் உண்டு. அந்தச் சுவரை யார் அனுமதித்தது? கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் வந்த பிறகும் ஆளைக் குழிக்குள் இறக்குவதை யார் அனுமதித்தது?

சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதியும் அந்தப் பஞ்சத்தில் பட்டினிச் சனங்கள் வெட்டியதுதான். இன்றைக்கு அதில் ஓடுவது நகரத்தின் சாக்கடை. அந்தச் சாக்கடைக்குள் இறங்குகிறவர்களும் நம் பிள்ளைகளே.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அத்தை என்னிடம் கேட்டது: "நான் கர்த்தரத் தப்பாப் பேசிட்டனா?" இல்லை அத்தை. கர்த்தர் மேல விழுந்த பழியத்தான் நீ தொடச்சே. அடுத்த வாரம் காண்ட்ராக்டர் மேல் புகார் கொடுக்கப் போனோம். அத்தைதான் முதல் கைநாட்டு வைத்தது.