மூக்கு ஆபரேஷன்: வெட்டியதும் விட்டுவைத்ததும்

மூக்கின் இரண்டு துளைகளுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு, இரண்டு பக்கமும் மெல்லிய சளிச்சவ்வு. நூல் பிடித்தது போல நேரான சுவர் உள்ளவர்கள் குறைவு. பலருக்கு அதனால் தொல்லையும் இல்லை. வளைவு அதிகமாகி மூச்சை அடைக்கும்போதுதான் பிரச்சினை.

இதைச் சரிசெய்ய என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள் தெரியுமா? 1757-இல் ஜெர்மனியின் குவெல்மால்ட்ஸ், தினமும் விரலால் சுவரை அழுத்தி நேராக்கச் சொன்னார். 1875-இல் லண்டனில் வில்லியம் ஆடம்ஸ், சுவரை இடுக்கியால் உடைத்து நிமிர்த்தி, உள்ளே முட்டுக் கொடுத்தார். பிறகு அமெரிக்காவில் பாஸ்வொர்த், புடைத்த பகுதியைச் சவ்வோடு சேர்த்து ரம்பத்தால் அறுத்தார். சவ்வும் போனால் சுவரில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு.

1884-இல் நிலைமை மாறியது. வியன்னாவில் கார்ல் கோலர், கண்ணில் கொக்கைன் விட்டால் வலி தெரியாது என்று காட்டினார். அது சீக்கிரமே மூக்குக்கும் வந்தது. கொக்கைன் ரத்தக் குழாய்களையும் சுருக்கும். ரத்தம் குறைந்தது, டாக்டருக்கு உள்ளே பார்த்து நிதானமாக வேலை செய்ய முடிந்தது.

அதன் பலன்தான் 1902-இல் சிகாகோவின் ஃப்ரீரும், 1904-இல் ஃப்ரைபர்க்கின் கில்லியனும் வெளியிட்ட முறை. தலையணை உறை கிழியாமல் உள்ளிருக்கும் பஞ்சை மட்டும் எடுப்பது போல, சவ்வை இருபுறமும் விலக்கி, வளைந்த குருத்தெலும்பையும் எலும்பையும் மட்டும் எடுத்தார்கள்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். அந்தச் சுவர் வெறும் தடுப்பு அல்ல, மூக்கைத் தாங்கும் தூணும் அதுதான். அதிகம் எடுத்தால் மூக்குத் தண்டு குதிரைச் சேணம் போல உட்கார்ந்துவிடும். அதனால்தான் கில்லியன் மேலேயும் முன்னேயும் ஒரு பட்டையை விட்டுவைக்கச் சொன்னார். சரி, வளைவே அந்தப் பட்டையில் இருந்தால்?

இதற்கு 1929-இல் மெட்சன்பாம் ஒரு வழி காட்டினார். முன்முனையை வெட்டி எறியாமல், கதவைத் திருப்புவது போல நடுவுக்குத் திருப்பினார். 1940-களிலும் 50-களிலும் சிகாகோவின் மாரிஸ் காட்டில் அந்த எண்ணத்தை முழுச் சுவருக்கும் கொண்டுபோனார். குருத்தெலும்பைத் தளர்த்து, நேராக்கு, மீண்டும் பொருத்து. தவிர்க்க முடியாததை மட்டும் எடு. இன்றைய செப்டோபிளாஸ்டியின் அடிப்படை இதுதான்.

இத்தனை காலம் செய்த ஆபரேஷன் உண்மையிலேயே பலன் தருகிறதா? நெதர்லாந்தில் 18 மருத்துவமனைகளில் 203 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் லான்செட் இதழில் வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு, செய்யாதவர்களைவிட மூச்சு நன்றாக வந்தது. கேள்வி சாதாரணமானது, தெளிவான பதிலுக்கு நூறு வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது!

எதை வெட்டுவது என்பதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். எதை விட்டுவைப்பது என்பதைக் கற்கத்தான் பல மூக்குகள் விலை கொடுத்தன.